கம்பெனிக்குக் கால் கொடுத்தவர்

ரெங்கராஜ் வக்கீல் இல்லை. சட்டம் படித்தவரும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டிவிட்டு, சில வருடம் அங்கே இங்கே வேலை பார்த்த பிறகு, அறந்தாங்கி சாலையில் இருக்கிற பொன்வயல் ஆயில்ஸ் பிரைவேட் லிமிடெட் என்கிற கடலை எண்ணெய் மில்லில் டைம் கீப்பராகச் சேர்ந்தவர். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று நோட்டில் எழுதுவது அவர் வேலை. அப்படிப்பட்ட மனுஷர் புதுக்கோட்டை நீதிமன்றத்தில் இருபத்து மூன்று வருடங்களில் முப்பத்தெட்டு முறை குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றிருக்கிறார். முப்பத்தேழு முறை கம்பெனிக்காக. முப்பத்தெட்டாவது முறை யாருக்காக நின்றோம் என்பது கூண்டை விட்டு இறங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

கம்பெனியின் மேல் வழக்கு வந்தால் கம்பெனி எப்படிக் கோர்ட்டுக்குப் போகும்? இந்தக் கேள்வியை முதலில் கேட்டதே ரெங்கராஜ்தான். அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், எண்ணெய்ப் பாக்கெட்டில் தேதி அச்சடிக்கவில்லை என்று எடையளவு இன்ஸ்பெக்டர் ஒரு வழக்குப் போட்டிருந்தார். அன்றைக்கு மில்லை நடத்திக்கொண்டிருந்த பெரியவர், சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு ரெங்கராஜைக் கூப்பிட்டார். அலுவலகத்தில் வெள்ளைச் சட்டை போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

"சட்டத்துல கம்பெனியும் ஒரு ஆளுதான் ரெங்கராசு. ஆனா அதுக்குக் காலு கெடையாது, போயி நிக்க முடியாது. ஒங்காலக் கொஞ்சம் குடு. போயி நின்னு, ஒத்துக்கிறேங்கய்யான்னு சொல்லிட்டு, அபராதத்தக் கட்டிட்டு வந்துரு. அரை நாள் வேலை."

கால் கொடுக்கப் போனார் ரெங்கராஜ். கையில் ஒரு கடிதம். கம்பெனியின் லெட்டர் பேடில் ஒரு பக்கம். 'எங்கள் நிறுவனத்தின் சார்பில் ஆஜராக ரெங்கராஜ் அவர்களுக்கு அதிகாரம் அளிக்கிறோம்' என்று தொடங்கி, கீழே இன்னும் நாலைந்து வரி. அடியில் முதலாளியின் கையெழுத்து, ரெங்கராஜின் மாதிரிக் கையெழுத்து, வட்டமான ரப்பர் ஸ்டாம்பு. தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார், மடித்து ஜிப் வைத்த பழுப்புப் பைக்குள் வைப்பார். அந்த நாலைந்து வரியை ஒருநாளும் அவர் படித்ததில்லை.

முதல் தடவை பயமாகத்தான் இருந்தது. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா" என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறந்து சொல்லுங்கள் என்றார் நீதிபதி. சொன்னார். மூன்றாவது தடவைக்குள் பயம் போய்விட்டது. பத்தாவது தடவைக்குள் அதில் ஒரு ருசியே வந்துவிட்டது. செருப்பை எங்கே விடுவது, செல்போனை எப்போது அணைப்பது, எந்த நீதிபதி காலையிலேயே சின்ன வழக்குகளை முடிப்பார், யார் மதியத்துக்கு மேல் எடுப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. லாரியில் கூடுதல் பாரம், புகைபோக்கிக்கு உரிமம் புதுப்பிக்காதது, விடுமுறைப் பட்டியல் ஒட்டாதது, எல்லாவற்றுக்கும் அவர்தான் போய் நின்றார், ஒப்புக்கொண்டார், ரசீதோடு வந்தார்.

நீதிமன்ற வளாகத்தில் அவரை ரெங்கராஜ் என்று கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். டீக்கடையில், "பொன்வயலுக்கு ஒரு டீ" என்பார்கள். வாசலில் மேஜை போட்டு மனு டைப் அடிக்கிற ராக்கன், "என்ன பொன்வயல், இன்னைக்கு என்ன தப்பு பண்ணுனீங்க" என்று கேட்பார். ரெங்கராஜ் சிரித்துக்கொண்டே, "லாரியில ரெண்டு டன்னு கூட ஏத்திட்டேன்" என்பார். கல்யாண வீடுகளில் யாராவது கோர்ட் விவகாரம் பேசினால் நடுவில் புகுந்து, "நாங்க அப்படிப் பண்ண மாட்டோம், மொத வாய்தாவிலயே ஒத்துக்குவோம்" என்று சொல்வார். நாங்கள் என்றால் பொன்வயல். அமிர்தவல்லிக்கு, அதுதான் அவர் மனைவிக்கு, இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

"தப்பு பண்றவுக வேற, கூண்டுல ஏறுறவுக வேறயா? நீங்க என்ன வேண்டுதலுக்கா ஏறி எறங்குறீங்க?"

"ஒனக்குச் சொன்னா வெளங்காது. நிக்கிறது நான் இல்ல. கம்பெனி நிக்கிது."

இதைத்தான் அந்தப் பைத்தியக்கார மனுஷர் இருபத்து மூன்று வருடம் நம்பினார். எனக்கு அவர் மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான். நம்பினதற்காக இல்லை. நம்பினதில் அவ்வளவு சந்தோஷப்பட்டதற்காக.

பெரியவர் காலமானதும் மகன் திருமுருகன் முதலாளி ஆனார். பள்ளிக்கூட யூனிஃபார்மோடு மில்லில் கடலை பொறுக்கித் தின்ற காலத்திலிருந்து தெரிந்த பிள்ளை என்பதால், ரெங்கராஜ் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அவரும் இவரை அண்ணே என்பார். சுறுசுறுப்பான ஆள். ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு கடிதம், ஒரு கையெழுத்து என்று உட்கார்ந்திருக்க அவருக்கு நேரமில்லை. பத்துக் கடிதங்களை ஒரே நாளில் கையெழுத்துப் போட்டு, வழக்கு எண்ணையும் தேதியையும் காலியாக விட்டு, ரப்பர் ஸ்டாம்பையும் சேர்த்து ரெங்கராஜிடமே கொடுத்துவிட்டார். "தேவைப்படறப்ப நீங்களே நம்பரைப் போட்டுக்கங்கண்ணே. ஒங்கள நம்பாம யாரை நம்பப் போறேன்." அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தப் பத்துக் கடிதத்தையும் அமிர்தவல்லியிடம் எடுத்துக் காட்டினார் ரெங்கராஜ். அவள் ஈரக்கையோடு தொடாமல் பார்த்தாள்.

அமிர்தவல்லியின் தம்பி மலையாண்டி. அஞ்சு வருடம் ஷார்ஜாவில் வேலை பார்த்துவிட்டு, முதுகுவலியோடு திரும்பி வந்தவன். அவனை மில்லில் சேர்த்துவிட்டதும் ரெங்கராஜ்தான். எண்ணெய் பிழிகிற எக்ஸ்பெல்லர் மெஷினை ஓட்டும் வேலை. நல்ல கைகாரன் என்று மூன்றே மாதத்தில் பெயர் எடுத்தான்.

அந்தச் சித்திரையில் கடலை வரத்து அதிகம். மெஷினின் பெல்ட்டை மூடியிருக்கும் இரும்பு வலை, அடிக்கடி அடைத்துக்கொள்ளும் புண்ணாக்கை எடுக்க இடைஞ்சலாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் நாலு போல்ட்டைக் கழற்றி, மாட்டி, ஓட்ட வேண்டும். ஒருநாள் திருமுருகன் உள்ளே வந்து நின்று பார்த்தார். பக்கத்தில் வருகை நோட்டோடு ரெங்கராஜ்.

"மலையாண்டி, அந்த மூடியக் கழட்டி வச்சுருங்க. சீசன் முடிஞ்சு மாட்டிக்கலாம்."

மலையாண்டி திரும்பி ரெங்கராஜைப் பார்த்தான். ரெங்கராஜ் நோட்டைப் பார்த்தார். மலையாண்டி நாலு போல்ட்டையும் கழற்றினான். வலையைத் தூக்கி ஸ்டோர் ரூம் சுவரில் சாய்த்து வைத்தார்கள்.

பதினெட்டாம் நாள் அவன் சட்டைக் கை பெல்ட்டில் மாட்டியது. வலது கை முழங்கைக்குக் கீழே போயிற்று.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் ரெங்கராஜ் வீடு, மில் எதையும் எட்டிப் பார்க்கவில்லை. நாலாம் நாள் அலுவலகத்திலிருந்து ஒரு பையன் பைக்கில் வந்து ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினான். மலையாண்டிக்கு இன்சூரன்ஸ் வாங்க வேண்டும், அவசரம் என்றான். பைக் சீட்டின் மேல் வைத்து, பேனா எழுத மறுத்த இடத்தில் உதறி உதறி, ஏழெட்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார் ரெங்கராஜ். மச்சினன் உள்ளே முனகிக்கொண்டு கிடக்கும்போது எவன் காகிதத்தைப் படிப்பான்.

ஆறு மாதம் கழித்து, தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் போட்ட வழக்கு விசாரணைக்கு வந்தது. கம்பெனி வக்கீல் முந்தின நாள் ரெங்கராஜுக்கு போன் பண்ணினார். "முதலாளி வர மாட்டாரு, அவருக்கு நான் மனு போட்டுர்றேன். ஒங்களக் கேட்டா வழக்கம்போல ஒத்துக்கங்க. சீக்கிரம் முடிச்சுரலாம்." அபராதத்துக்கான கவர் காலையிலேயே மேஜைக்கு வந்துவிட்டது. எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது.

ஒன்று மட்டும் மாறியிருந்தது. எப்போதும் டவாலி, "பொன்வயல் ஆயில்ஸ்" என்று கூப்பிடுவார். அன்றைக்கு, "திருமுருகன், ரெங்கராஜ்" என்று கூப்பிட்டார். புது டவாலி, பழக்கமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஏறினார்.

நீதிபதி அம்மா குற்றச்சாட்டை வாசித்தார். ஓடும் இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியை அகற்றி இயக்க அனுமதித்தது, அதனால் தொழிலாளிக்குக் கொடுங்காயம் ஏற்பட்டது. மலையாண்டிக்கு நடந்ததைக் கம்பெனி கோர்ட்டில் ஒப்புக்கொள்ளப் போகிறது, அதைத் தன் வாயால் சொல்லப் போகிறோம் என்பதில் ரெங்கராஜுக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது.

"ஒத்துக்கிறேங்கம்மா."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்க. இது சின்னக் கேஸ் இல்ல. வக்கீல் வேணும்னா வாய்தா தர்றேன், வச்சுக்கங்க."

"வேணாங்கம்மா. எப்பவும் ஒத்துக்கிறதுதான்."

அவர் இன்னொரு தடவை கேட்டார். இவரும் இன்னொரு தடவை ஒப்புக்கொண்டார். தண்டனையை வாசித்தார்கள். அபராதம் பழைய வழக்குகளைவிடப் பெரிதாகத்தான் இருந்தது, ஆனால் கவரில் அதற்கு இருந்தது. கட்டினார். ரசீதை வாங்கி, வழக்கம்போலக் கம்பெனியின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். கம்பெனியின் பெயர் இல்லை. ரெங்கராஜ், தகப்பனார் பெயர், வயது ஐம்பத்து மூன்று, வீட்டு முகவரி.

கோபப்படத் தோன்றவில்லை அவருக்கு. நேராக மில்லுக்கு வந்து முதலாளி அறைக்குள் போனார்.

"தம்பி, ரசீதுல எம்பேரத் தப்பாப் போட்டுட்டாங்க. நாளைக்குப் போயி மாத்தி வாங்கிட்டு வந்துரவா?"

திருமுருகன் செல்போனைக் கீழே வைத்தார். "தப்பெல்லாம் இல்லண்ணே. மில்லுல நடக்குறதுக்குச் சட்டப்படி மேனேஜரும் பொறுப்பு. நீங்கதான மேனேஜரு."

"நானா?"

"பழைய மேனேஜரு பொங்கலோட நின்னுட்டாருல்ல. அந்த எடத்துல தை மாசத்துலேர்ந்து நீங்கதான்னு எழுதிக் குடுத்துருக்கோம். ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டீங்களே."

"அது இன்சூரன்ஸுன்னு சொன்னாங்க தம்பி."

"அதுவும் இருந்துச்சு. இதுவும் இருந்துச்சு." திருமுருகன் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். "எம்மேல தண்டனை விழுந்தா வெளிநாட்டு ஆர்டரு பூராம் போயிரும்ணே. மில்லு நின்னா நூத்திருவது குடும்பம் தெருவுல நிக்கும். ஒங்களுக்கு என்ன, அபராதம்தான? அதையும் கம்பெனியே கட்டிருச்சு."

"நான் கம்பெனிக்காகத்தான் ஒத்துக்கிட்டேன்."

"நானா ஒத்துக்கச் சொன்னேன்? நீங்களாத்தான கோர்ட்ல சொன்னீங்க. ஜட்ஜம்மா ரெண்டு தடவை கேட்டுச்சாம்ல."

பெரியவர் கால் கேட்டார், கொடுத்தேன். பிள்ளை தலையைக் கேட்காமலே எடுத்துக்கொண்டானே என்று மட்டும் ரெங்கராஜின் மனசுக்குள் ஓடியது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து திருமுருகனே தோளைத் தட்டினார். "மனசப் போட்டு ஒழப்பாதீங்க. அப்பீலு போட்டு ஒங்க பேர எடுத்துரலாம். முப்பது நாள் இருக்கு. வக்கீல் பாத்துக்கிருவாரு."

இதையும் நம்பினார். அடி வாங்கிய இடத்தையே திரும்ப நீட்டுகிற ஜாதி. பத்தாம் நாள் கேட்டார், வக்கீல் மதுரையில் என்றார்கள். இருபதாம் நாள் கேட்டார், காகிதம் தயார் என்றார்கள். இருபத்தெட்டாம் நாள் கேட்டதற்கு, "நம்பிக்கை இல்லையாண்ணே" என்று திருமுருகன் முகத்தைச் சுளித்தார். முப்பத்தைந்தாம் நாள் ராக்கனின் மேஜைக்கு எதிரில் போய் உட்கார்ந்தார். தீர்ப்பு நகலை நீட்டினார். ராக்கன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை படித்தார். அதுவரைக்கும் டீயைத் தொடவில்லை.

"நாள் போச்சு, பொன்வயல்" என்றார். பிறகு, "ரெங்கராஜண்ணே" என்று திருத்திக்கொண்டார். "தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு மனுப் போடலாம். ஆனா என்னன்னு போடுவீங்க? நீங்களே ரெண்டு தரம் ஒத்துக்கிட்டதா எழுதியிருக்கு. முதலாளி கவனமாத்தான் இருந்தாரு, அவருக்குத் தெரியாம மேனேஜரு பண்ணுனதுன்னு சொல்லி அவர விட்டுட்டாங்க. இத அவுங்க மொதல்லயே யோசிச்சுத்தான் பண்ணிருக்காங்க."

மொதல்லயே. அந்த வார்த்தைதான் ரெங்கராஜை அறுத்தது. ஆஸ்பத்திரி வாசலில் பைக் சீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டபோதே. மலையாண்டிக்கு இன்னும் மயக்கம் தெளியாதபோதே.

வீட்டில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் அது தானாக வந்து சேர்ந்தது. மலையாண்டி இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டிருந்தான். அதற்குக் கம்பெனி எழுதிக் கொடுத்த பதிலின் நகலை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். இடது கையால் சட்டைப்பையிலிருந்து உருவி, அக்கா முன்னால் வைத்தான்.

அதில் எழுதியிருந்தது இதுதான்: மேனேஜர் ரெங்கராஜும் மலையாண்டியும் சேர்ந்துகொண்டு, முதலாளியின் உத்தரவுக்கு மாறாக, வேண்டுமென்றே மூடியைக் கழற்றினார்கள், மேனேஜர் இதை நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டார், வேண்டுமென்றே பாதுகாப்பை அகற்றிய தொழிலாளிக்கு இழப்பீடு கேட்க உரிமை இல்லை.

"மொதலாளி சொன்னத நானும் கேட்டேன், நீங்களும் கேட்டீங்க" என்றான் மலையாண்டி. "நான் சொன்னா யாரு நம்புவா மச்சான்? நீங்கதான் கோர்ட்ல நாந்தான்னு சொல்லிட்டு வந்துட்டீங்களே."

"மாப்ள, நான் கம்பெனின்னு நெனச்சு..."

"கையி எனக்குத்தான போச்சு. கம்பெனிக்கா போச்சு?"

அமிர்தவல்லி அந்தக் காகிதத்தைப் படித்து முடிக்கவில்லை. தம்பிக்குச் சோறு போட்டாள், பிசைந்து கொடுத்தாள், அனுப்பினாள். அன்றையிலிருந்து புருஷனிடம் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் கோபப்பட்டுக் கத்தியிருக்கிறாள், அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். இப்படி ஒரே வீட்டுக்குள் வேற்று ஆள்போல நடந்துகொண்டதில்லை. வேலை போனால்கூட ரெங்கராஜ் தாங்கியிருப்பார். தன் வாய் சொன்ன ஒரு சொல்லால் மச்சினன் வழக்கு படுத்துவிடும், சாகும்வரை அந்த வீட்டில் துரோகி என்ற பெயர் தனக்குத்தான் என்பதைத் தாங்க முடியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் திருமுருகன் அவரைத்தான் அனுப்பினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் அதிசயம். இழப்பீட்டு ஆணையர் புதுக்கோட்டைக்கு வந்து முகாம் போட்டு விசாரிக்கிற நாள். வக்கீலுக்கு மதுரையில் வேறு வழக்கு. "ஒரு லெட்டரப் போட்டுக் குடுத்து வாய்தா மட்டும் வாங்கிட்டு வந்துருங்கண்ணே." இருபத்தாறு வருடம் சொன்னதைச் செய்த ஆள், இன்றைக்கும் செய்வார் என்று எண்ணம். அவருக்கு ரெங்கராஜ் ஒரு ஆளாகவே தோன்றியதில்லை போலும்.

விசாரணை அலுவலகத்தின் பெஞ்சில் உட்கார்ந்து, பையில் மிச்சமிருந்த மூன்று கடிதங்களில் ஒன்றை உருவினார். வழக்கு எண்ணை எழுதினார். தேதி போட்டார். எதிர் பெஞ்சில் மலையாண்டி, மடித்துப் பின் குத்திய சட்டைக் கையோடு, இந்தப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தான். பார்க்க வேறு எதுவும் இல்லாததால் ரெங்கராஜ் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். முதல் தடவையாக அந்த நாலைந்து வரியைப் படித்தார்.

'எங்கள் சார்பில் வாக்குமூலம் அளிக்கவும், எதிர்த்தரப்பின் கோரிக்கையை ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும், கையெழுத்திடவும் இவருக்கு முழு அதிகாரம் உண்டு. இவர் செய்வன யாவும் நாங்களே செய்தனவாகக் கொள்ளப்படும்.'

இரண்டு முறை படித்தார். ஒரு எழுத்தைக்கூட விடாமல்.

பெயர் கூப்பிட்டார்கள். ஆணையர் நரைத்த தலை, மெதுவாகப் பேசுகிறவர். கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "வாய்தா கேக்கப் போறீங்களா?"

"இல்லங்கய்யா. சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. கம்பெனி சார்பா."

"சொல்லுங்க."

"மூடியக் கழட்டச் சொன்னது கம்பெனிதாங்கய்யா. சீசன் முடிஞ்சு மாட்டிக்கலாம்னு மொதலாளி நேர்ல வந்து சொன்னாரு. மலையாண்டி தானாக் கழட்டல. கம்பெனி ஒத்துக்கிது."

ஆணையர் பேனாவை வைத்துவிட்டு ஃபைலைப் புரட்டினார். "மேனேஜரும் மனுதாரரும் சேர்ந்து கழட்டுனதா ஒங்க பதில்ல இருக்கே. யாரு அந்த மேனேஜரு?"

"நாந்தாங்கய்யா."

"இப்ப கம்பெனிக்காக வந்திருக்கறது?"

"அதுவும் நாந்தாங்கய்யா."

அறையில் யாரோ சிரித்தார்கள். ஆணையர் சிரிக்கவில்லை. கடிதத்தை மறுபடியும் எடுத்து, ரெங்கராஜ் சற்றுமுன் படித்த அதே வரிகளைப் படித்தார். கையெழுத்து யாருடையது என்று கேட்டார். முதலாளியுடையது என்றார் ரெங்கராஜ். இதன் விளைவு தெரியுமா, கம்பெனி நாளைக்கு இதை மறுத்து மனுப் போடலாம், உங்கள் வேலை போகலாம் என்றார். தெரியும் என்றார். முதல் வழக்கில் கூண்டின் கட்டையைப் பிடித்ததுபோல மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஆனால் இந்தத் தடவை என்ன சொல்கிறோம் என்று தெரிந்து சொன்னார். எழுத்தர் டைப் அடித்துக் கொடுத்ததை முழுக்கப் படித்தார். பொன்வயல் ஆயில்ஸுக்காக என்று கையெழுத்துப் போட்டு, பையிலிருந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, வட்டம் கலங்காமல் அழுத்திக் குத்தினார்.

படி இறங்குவதற்குள் போன் வந்தது. வக்கீலுக்கு எப்படியோ தகவல் போய், அவர் மூலம் மில்லுக்குப் போயிருந்தது.

"யாரக் கேட்டு ஒத்துக்கிட்டீங்க?" திருமுருகனின் குரல் உடைந்திருந்தது. "இருவத்தாறு வருஷம் சோறு போட்ட கம்பெனிண்ணே. எங்கப்பா ஒங்களப் புள்ள மாதிரி வச்சிருந்தாரு. இப்படி முதுகுல குத்திட்டீங்களே."

அந்தக் குரலில் நிஜமாகவே வலி இருந்தது. இந்த மாதிரி ஆட்களுக்குத் தாங்கள் ஏமாற்றப்பட்டால் மட்டும் துரோகம் என்பது சரியாகப் புரியும்.

"நான் எங்க தம்பி குத்துனேன்? நான் செய்யறதெல்லாம் நீங்க செஞ்சதுதான்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கீங்க. பத்து லெட்டரு. இன்னும் ரெண்டு மிச்சம் இருக்கு, ஸ்டாம்போட மில்லு கேட்டுல குடுத்துட்டுப் போறேன்."

போனை அணைத்துவிட்டுத் திரும்பினால், வேப்பமரத்தடியில் மலையாண்டி நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ. ரெங்கராஜ் பக்கத்தில் போனார். மச்சினன் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வான் என்று மனசு எதிர்பார்த்தது. அவ்வளவு வருடம் பழகிய மனசு, இன்னும் திருந்தவில்லை.

மலையாண்டி மடித்த சட்டைக் கையில் குத்தியிருந்த பின்னை இடது கையால் சரிசெய்தான்.

"அன்னைக்கு மூடியக் கழட்டச் சொன்னப்ப நான் ஒங்களத்தான் பாத்தேன் மச்சான்" என்றான். "வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க நோட்டப் பாத்துக்கிட்டு நின்னீங்க."

அந்தக் குற்றச்சாட்டை எந்தக் கோர்ட்டும் வாசிக்கவில்லை. அதற்குக் கடிதம் கிடையாது, ஸ்டாம்பு கிடையாது, கம்பெனி கிடையாது. பழுப்புப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரெங்கராஜ் நின்றார்.

"ஒத்துக்கிறேன் மாப்ள" என்றார்.